பிறந்த வருடத்தை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள்: எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும், கொழும்பில் இருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் கம்பனியின் பணிப்பாளர்களுக்கும்,

போன மாதம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்துப் பலகையிலும், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலை வாசலிலும் நீங்கள் ஒட்டிய அறிவித்தலைப் பற்றித்தான் இந்த மடல். 15 வருடத்துக்கு மேற்பட்ட எந்த வாகனமும் இனித் தோட்டத்துப் பாதையில் ஓடக்கூடாது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் நிறுத்தக்கூடாது, பழைய ஸ்டோருக்குப் பின்னால் நாங்கள் போட்டிருக்கும் தகரக் கொட்டகையை மூன்று மாதத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. புகை, பாதுகாப்பு, ஹோட்டலாக்கிய பங்களாவுக்கு வரும் விருந்தாளிகள் கண்ணுக்குத் தோட்டம் அழகாகத் தெரிய வேண்டும் என்று மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். விருந்தாளிகளின் வாகனங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அறிவித்தல் இங்கிலீஷில் மட்டும் இருந்தபடியால், வேலை முடிந்து வந்தவர்களுக்கு அதை வாசித்துச் சொன்னது நான்தான். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கு அக்கா ஒருவர் உடனே கேட்டார்: "அப்போ ராத்திரியில வலி வந்தா எதுல கொண்டு போறது, சேர்?" உங்கள் அறிவித்தலில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்துக்கும் இதுவரை பதில் வரவில்லை. அதனால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மேல் கணக்கு லயத்தில் பிறந்தவன். அப்பா இதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், அம்மா கொழுந்து எடுத்தவர். நான் டவுன் பாடசாலையில் படிப்பிக்கிறேன், குடியிருப்பது இன்னும் இங்கேதான். என்னிடம் 1968ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது, சீரிஸ் டூ ஏ, நீளச் செசி, டீசல் எஞ்சின், நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கியது. எனக்குப் பழைய வண்டிகள் என்றால் உயிர். பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் பக்கத்தில் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். அந்த ஆசையை மட்டும் வைத்து உங்களிடம் ஒன்றும் கேட்க வரவில்லை. இந்த வண்டிகளை ஓட்டி, கழற்றி, பூட்டிப் பார்த்தவன் என்ற முறையில், இந்த மலைக்கு இவை ஏன் சரிப்பட்டு வருகின்றன என்று சொல்ல எனக்குத் தெரியும், அதைக் கேட்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

முதலில் பாதை. டவுனில் இருந்து கீழ் கணக்கு வரைக்கும் தார். அங்கிருந்து ஸ்டோரைத் தாண்டிப் பங்களா வாசல் வரைக்கும் கொங்கிரீட், அதுவும் பங்களாவை ஹோட்டலாக்கிய பிறகு போட்டது. அதற்கு மேலே நடுக் கணக்குக்கும் மேல் கணக்குக்கும் போகிற பாதை வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கல் பதித்தது. 1970களில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோதும் சரி, 1992இல் நிர்வாகம் கம்பனிகள் கைக்குப் போனபோதும் சரி, அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. இப்போது பாதிக் கல் மழையோடு போய்விட்டது, மிச்சக் கல் கூர்ப்பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு நிற்கிறது. கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் உடைந்த மதகு, ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம், மூட்டம் இறங்கினால் பொனட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. உங்களுடைய டபள் கெப் பிக்கப் அதில் ஏறும், அதற்கு நான்கு சக்கர இழுவை இருக்கிறது. லயத்தில் யாரிடமும் டபள் கெப் இல்லை.

லேண்ட் ரோவர் அந்தப் பாதையில் ஏறும் விதத்தை ஒரு தடவை பக்கத்துச் சீட்டில் இருந்து பாருங்கள். எஞ்சினில் பெரிய பலம் ஒன்றும் கிடையாது, 2.25 லீட்டர் டீசல், 62 குதிரைவலு, இன்றைக்கு வரும் சின்னக் காருக்கே அதைவிட அதிகம் இருக்கும். விஷயம் கியரில் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் நிறுத்தி, சிவப்புப் பிடியைப் பின்னுக்கு இழுத்தால் லோ கியரும் நான்கு சக்கர இழுவையும் சேர்ந்து விழும், அப்புறம் முதல் கியரில் போட்டால் மனிதன் நடக்கிற வேகத்தில், சக்கரம் சறுக்காமல், அரிசி மூட்டையும் ஆட்களுமாக ஏறிவிடும். இறங்கும்போதும் அதே கியர்தான், எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைப்பது அபூர்வம். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது, கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டையே பிடிக்கிறது, பிரேக் ஒயில் முழுக்க ஒழுகிப் போனாலும் அது தன் பாட்டில் வேலை செய்யும். வண்டியின் மேல் தகடுகள் அலுமினியக் கலப்பு உலோகம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு, அதனால் 1948இல் வந்த முதல் வண்டியில் இருந்தே தகடுகளை அப்படிச் செய்தார்கள். அங்கே அன்றைக்கு இருந்த தட்டுப்பாடு இங்கே எங்களுக்கு வசதியாகிவிட்டது, ஏனென்றால் ஈரம் காயாத இந்த ஊரில் இரும்புத் தகட்டு வேன்கள் கதவடியில் தொடங்கி உக்கிப் போகின்றன. லேண்ட் ரோவரிலும் செசி இரும்புதான், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தடுப்பும் இரும்புதான், இரண்டும் துருப்பிடிக்கும். வருடா வருடம் சுரண்டி, உக்கின இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, துரு பிடிக்காமல் பூசுகிறோம். தகடுகள் பெரும்பாலும் நட்டு போல்ட்டில் பூட்டியவை என்பதால் ஒரு மட்காட் நசுங்கினால் அதை மட்டும் கழற்றி எடுக்கலாம்.

பழுது என்று வந்தால் இன்னும் வித்தியாசம் தெரியும். டீசல் நின்றுபோனால் பெரும்பாலும் குழாயில் காற்று, அல்லது பில்டரில் அழுக்கு. ஒரு ஸ்பானரும் கை பம்பும் இருந்தால் பாதையோரத்திலேயே காற்றை எடுத்துவிடலாம். டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா வைத்திருக்கும் மொரிஸ் மைனர் நின்றால், பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, பிளக்கைத் துடைத்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு அவரே பென்ஷன் எடுக்கப் போய்விடுவார். போன வருடம் பங்களாவுக்கு வந்த ஹைபிரிட் கார் ஒன்று, டிரைவர் பாதை தெரியாமல் மேலே ஏற்றி, மதகில் அடி தட்டி, டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிய நின்றது. அதற்கு ஸ்கேனர் கொண்டுவர டவுனில் இருந்து ஆள் வர வேண்டியிருந்தது, வந்தவரும் பார்த்துவிட்டு லொறியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும் என்றார். அதுவரை வளைவில் மறித்துக்கொண்டு நின்ற காரை ஓரமாக இழுத்து விட்டது எங்கள் லேண்ட் ரோவர்தான். காரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அது கொழும்புக்கும் கண்டிக்கும் நல்ல கார்.

புது வண்டியே வேண்டாம் என்று சொல்கிறவனும் இல்லை நான். ஸ்டோர் வரைக்கும் மரக்கறி ஏற்ற டாட்டா பட்டா என்கிற சின்ன லொறி போலப் பிரயோசனமான வண்டி கிடையாது, வளைவில் சின்ன இடத்தில் திரும்பும், டீசலும் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி நனைந்த கல்லில் பாரத்தோடு ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. நடுக் கணக்கில் அண்ணன் ஒருவர் வைத்திருக்கும் 1980களின் ஹையேஸ் ஷெல் வேனைத்தான் ஆட்களை ஏற்ற நான் முதலில் சொல்வேன். பின்னால் வில்லுப் பட்டை, அகலமான கதவு, சீட்டைக் கழற்றினால் நோயாளியைப் படுக்க வைக்கலாம், அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கம் யாரும் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிச் சாமான் கடைகளில் தேடினால் அதற்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், இந்த மலையில் ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்பதற்கு இரண்டே கேள்விதான்: மழையில் மேலே ஏறுமா, நின்றால் இங்கேயே திருத்த முடியுமா.

இந்த வண்டிகள் என்ன வேலை செய்கின்றன என்று கணக்கெடுக்க நீங்கள் யாரையும் அனுப்பவில்லை, அதனால் நானே சொல்கிறேன். அம்புலன்ஸ் கூப்பிட்டால் வருகிறது, ஆனால் அது ஏறக்கூடிய பாதை ஸ்டோரோடு முடிந்துவிடுகிறது. மேல் கணக்கில் இருந்து ஸ்டோர் வரைக்கும் பிள்ளைத்தாச்சியை யார் கொண்டு வருவது? முன்னே கம்பளியில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள், என் பாட்டியை அப்படித்தான் கொண்டு போனார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது லேண்ட் ரோவர் வருகிறது, இல்லாவிட்டால் ஷெல் வேன் வருகிறது. குளவி கொட்டி மலையில் விழுந்தவர்களை இறக்கியதும் இவைதான், தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்த நேரங்களில் உங்கள் வெளிக்கள உத்தியோகத்தரே எனக்குப் போன் பண்ணியிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை நாட்களில் மேல் கணக்குப் பிள்ளைகளை நேரத்துக்கு மண்டபத்தில் இறக்குகிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. காஸ் சிலிண்டர், உரம், கூரைத் தகரம், கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம், கொழும்பில் இறந்துபோன பிள்ளையின் பெட்டி, எல்லாம் இதில்தான் மேலே வந்தன. வாடகை ஓடி நாங்கள் பணக்காரர் ஆகவில்லை. டீசல் காசும் டயர் காசும் தேறினால் போதும் என்று ஓட்டுகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு எத்தனை உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போனது என்று நாடே பார்த்தது. நம் தோட்டத்திலும் நடுக் கணக்குக்குக் கீழே பாதை மேல் மண் இறங்கி, ஆட்டோ, பஸ் எல்லாம் நின்றன, கரண்ட் போனது, போனும் போனது. மண்வெட்டி எடுத்து ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் வெட்டிய பிறகு முதலில் ஏறியது லேண்ட் ரோவர், அதன் பின்னால் பெட்டியோடு பழைய மெசி பெர்குசன் டிரெக்டர். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் சரிவுக்குப் பக்கத்து லயத்தில் இருந்து பாடசாலைக்கு இறக்கினோம், திரும்பும்போது மாவும் அரிசியும் மெழுகுதிரியும் ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு டிஸ்பென்சரி மருந்துப் பெட்டிகளை மேலே கொண்டு போக வேண்டும் என்று நிர்வாகத்தில் இருந்தே ஆள் வந்து கேட்டார், ஏற்றினோம். வண்டி எந்த வருடத்தது என்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை. இப்போது அதே வண்டிக்குத்தான் கேட் போடுகிறீர்கள், இதை என்னால் சும்மா ஏற்றுக்கொள்ள முடியாது.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

புகை. குளிர்காலத்தில், சனவரி பிப்ரவரியில் கொழுந்து மேல் உறைபனி விழுகிற காலைகளில், பழைய டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விடும், இல்லையென்று சொல்ல மாட்டேன். சூடேறினால் நின்றுவிடும். விடாமல் கறுப்பாகக் கக்கினால் இன்ஜெக்டர், பம்ப், பில்டர் என்று எதிலோ குறை, அதைத் திருத்த வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நாட்டில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை இருக்கிறது, வருடா வருடம் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. என் வண்டிக்கு அந்தச் சான்றிதழ் இருக்கிறது, ஷெல் வேனுக்கும் மைனருக்கும் இருக்கிறது. கார், ஜீப் விஷயத்தில் அரசாங்கமே குழாயில் வருகிற புகையை அளந்துதான் விடுகிறது, பிறந்த வருடத்தைப் பார்த்துத் தள்ளி வைப்பதில்லை. பின்னே இந்த 15 எங்கிருந்து வந்தது? டெல்லியில் டீசலுக்கு 10 வருடம், பெற்றோலுக்கு 15 வருடம் என்று ஒரு கட்டுப்பாடு இருப்பது எனக்குத் தெரியும். அது காற்று ஓடாத சமவெளியில், எண்ண முடியாத வாகனங்களுக்கு நடுவே மூச்சுத் திணறுகிற நகரம். அங்கேயே அது பெரிய வழக்காகி, 2025 ஓகஸ்டில் வயதை மட்டும் காரணமாக வைத்துச் சொந்தக்காரர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் புதிய புகைத் தரத்து வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஐந்தாறு பழைய வண்டிகள் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அந்த எண்ணை என்ன அளவு வைத்துக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்டோரில் விறகு எரிகிற புகைபோக்கி லயத்துக்கு எதிரே இருக்கிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுக்கவில்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதே வருடம் செப்டெம்பரில் எல்ல வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்தது. இந்தப் பாதைகளில் தினமும் பிள்ளைகளை அனுப்புகிற எங்களுக்கு அந்தப் பயம் உங்களைவிடக் கூடவே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் விதி பாதுகாப்பைத் தொடவே இல்லை. மலையில் உயிரை எடுப்பது பிரேக். பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், இந்த மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் பஞ்சை மிதிப்பதுபோல உள்ளே போய்விடும். ஐந்து வருடம் ஒயில் மாற்றாமல் ஓடுகிற ஆறு வயது வேனுக்கு உங்கள் கேட் திறக்கும், வருடா வருடம் ஒயில் மாற்றி, டிரம்மைக் கழற்றி, சக்கரச் சிலிண்டர் ரப்பரைப் பார்த்துப் பூட்டுகிற 1968 வண்டிக்குத் திறக்காது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற டிரைவர்மார் இருக்கிறார்கள், அது எந்த வண்டியிலும் ஆபத்து, அதைப் பற்றி அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை. என் வண்டியில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒயில் போகிற வழி ஒன்றுதான், ஓர் இடத்தில் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். இதை நானே உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அப்படிப்பட்ட வண்டிகளில் குழாய்களை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்று நீங்கள் விதி போட்டால் அதை முதலில் ஆதரிக்கிறவன் நான்தான்.

அப்புறம், பழையதை விட்டால் எதை வாங்குவது? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, திறந்தாலும் வரியைப் பார்த்தால் சம்பளக்காரன் கிட்டப் போக முடியாது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வேனுக்கே கோடிக்கு மேல் கேட்கிறார்கள். இந்த மலையில் கொழுந்து எடுக்கிறவரின் நாட்கூலியை 2024இல் 1350 ரூபாயாக்கவே எத்தனை இழுபறி நடந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது கம்பனிகள்தான். தோட்டக் கூலியில் வாழ்கிற வீடுகள் சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து, வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசைச் சேர்த்து வாங்கியவை இந்த வண்டிகள். இவற்றை ஓடக்கூடாது என்று சொன்னால் அடுத்த மாதமே வியாபாரிகள் வந்து கால் விலைக்குக் கேட்பார்கள். ஏற்கெனவே ஒருவர் வந்து ஷெல் வேனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், அறிவித்தல் ஒட்டிய செய்தி அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் வருத்தியது. பங்களாப் புல்வெளியில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. அது இங்கே பெரிய கிளாக்கராக இருந்தவரின் கார், நான் சின்னப் பையனாக அதில் ஏறிப் போயிருக்கிறேன். எஞ்சினைக் கழற்றிவிட்டு, பச்சைப் பெயின்ட் அடித்து, பின் சீட்டில் பூச்சட்டி வைத்திருக்கிறீர்கள், விருந்தாளிகள் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்கள். 1948இல் இருந்து 1970களின் தொடக்கம் வரைக்கும் பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது, அலெக் இசிகோனிஸ் வரைந்தது, அந்தக் காலத்திலேயே ரெக் அண்ட் பினியன் ஸ்டியரிங், இன்றைக்கும் ஒரு விரலால் வளைவு எடுக்கலாம். 1990களில் இலங்கைப் பட்டறையில் அடித்த மைனர் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகி அங்கே இருக்கிற கார்களைத் திருத்தின. அவ்வளவு கைத்திறன் இந்த நாட்டில் இந்தக் காரைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. ஏப்ரல் சீசனில், மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் பார்க்க நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் சில பேர் தங்கள் பழைய கார்களோடு பங்களாவில் தங்குகிறார்கள். அவை அருமையான கார்கள், நான் போய்ப் பேசியிருக்கிறேன், நல்ல மனிதர்கள், தங்கள் காரைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். அவர்களுக்குக் கேட்டைத் திறப்பது சரிதான். அதே வயது மைனரை ஓட்டிக்கொண்டு தன் பென்ஷனுக்குப் போகிற டிஸ்பென்சர் ஐயாவுக்கு, இந்தத் தோட்டத்து மூன்று தலைமுறைக்கு மருந்து கொடுத்த மனிதருக்கு, ஏன் மூட வேண்டும்? எஞ்சின் இல்லாத மைனர் பார்க்க அழகு, எஞ்சின் ஓடுகிற மைனர் அசிங்கம் என்று எந்த விருந்தாளி சொன்னார்? நான் பேசின விருந்தாளிகள் எல்லாரும் லயத்துப் பக்கம் லேண்ட் ரோவரைக் கண்டால் நின்று, எந்த வருடம், எப்படித் திருத்துகிறீர்கள், எங்கே சாமான் வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

கொட்டகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நாலு தூண், கூரைத் தகரம், ஒரு குழி, ஒரு மேசை. குழிக்குக் கீழே தட்டு வைத்து ஒயில் பிடித்து, பீப்பாயில் சேர்த்து விற்கிறோம், கானில் விடுவதில்லை, வந்து பார்க்கலாம். பாடசாலையை விட்டு நின்ற பையன்கள் சாயந்தரத்தில் அங்கே வந்து ஸ்பானர் பிடிக்கப் பழகுகிறார்கள். பழைய எஞ்சினில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், வால்வு இது, டைமிங் செயின் இது என்று தொட்டுக் காட்டலாம், அதனால் பழகுவது சுகம். அப்படிப் பழகினவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு ஹட்டனில் கராஜில் நல்ல சம்பளத்துக்கு இருக்கிறார்கள், ஒருவர் கட்டாரில் கனரக வாகன மெக்கானிக். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்த் திரும்பி வராத பையன்களைப் பற்றித் தோட்டத்து மீட்டிங்கில் நீங்களே கவலைப்பட்டீர்கள். அவர்கள் இங்கேயே தங்கி ஒரு தொழில் பழகுகிற ஒரே இடத்தைத்தான் பிரிக்கச் சொல்கிறீர்கள்.

இனி நாங்கள் கேட்பது. 15 வருட விதியை வாபஸ் வாங்குங்கள். அதற்குப் பதிலாக, தோட்டத்துப் பாதையில் ஓடுகிற எல்லா வாகனத்துக்கும், உங்கள் லொறி, டபள் கெப், விருந்தாளிகளைக் கூட்டி வருகிற வேன் உட்பட, வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு பரிசோதனை வையுங்கள்: பிரேக் குழாய், டிரம், ஹேண்ட் பிரேக் ஸ்டோர் மேட்டில் பாரத்தோடு பிடிக்கிறதா, ஸ்டியரிங் மூட்டு, டயர், லைட். ஒரு கராஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், செலவில் எங்கள் பங்கை நாங்கள் கொடுக்கிறோம். தேறாத வண்டி திருத்தும் வரைக்கும் நிற்கட்டும், அது என்னுடையதாக இருந்தாலும். புகைக்கு அரசாங்கச் சான்றிதழையே ஏற்றுக்கொள்ளுங்கள். மேல் கேட் ராத்திரியில் பூட்டியே இருக்கும் என்று உங்கள் அறிவித்தலில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நோயாளி ஏற்றி வருகிற எந்த வண்டிக்கும் எந்த நேரத்திலும் கேட்டைத் திறக்க வேண்டும் என்று காவல்காரருக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள், சாவி ஒன்று தோட்டத் தலைவர் கையிலும் இருக்கட்டும். இதில் மட்டும் அவகாசம் கேட்காதீர்கள், இதை நாளைக்கே செய்யலாம்.

கொட்டகைக்கு இப்போது இருக்கிற இடம் பங்களாவில் இருந்து தெரிகிறது என்றால், பழைய ஸ்டோருக்கு மறுபக்கம், மரத்து மறைவில் இருக்கிற வெறும் இடத்தைக் கொடுங்கள், நாங்களே பிரித்து நாங்களே கட்டிக்கொள்கிறோம், அதற்கு முன்னால் பிரிக்க மாட்டோம். நடுக் கணக்கு மதகை இந்த வருட மழைக்கு முன்னால் கட்டுங்கள். கல்லும் மணலும் சிமெந்தும் கம்பனி தரட்டும், ஏற்றி இறக்க எங்கள் வண்டிகளும், கொத்து வேலைக்கு எங்கள் ஆட்களும் சம்பளம் இல்லாமல் வருகிறோம் என்று மூன்று கணக்கு ஆட்களும் கூடிப் பேசி ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். புல்வெளியில் நிற்கிற மைனரை விற்க மனம் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அதன் எஞ்சின் ஸ்டோர் மூலையில் சாக்குக்குக் கீழே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும், பையன்கள் அதைத் திரும்ப ஓட வைப்பார்கள்.

அடுத்த அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுங்கள். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், கொட்டகைக்கு நீங்கள் வைத்த கெடு முடிவதற்குள், தோட்டத் தலைவர் கையில் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் பிரட்டுக் களத்தில் எல்லாரையும் வைத்துப் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் தயார். பணிப்பாளர்களில் ஒருவராவது கொழும்பில் இருந்து வர வேண்டும், வந்தால் ஸ்டோரில் இருந்து மேல் கணக்கு வரைக்கும் லேண்ட் ரோவரில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

மேல் கணக்கில் இருந்து,
ஒரு லேண்ட் ரோவர் சொந்தக்காரன்